சண்டே சமைச்சு வியாழக்கிழமை சாப்பிடுறீங்களா? கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ-யைத் தெரிஞ்சுக்கோங்க!

காலை ஏழரை மணிக்குப் பெருமாநல்லூர் நால்ரோட்டுல நின்னு பாருங்க. கம்பெனி வேன், டவுன் பஸ், டூ வீலர்னு எதைப் பார்த்தாலும் ஒரு டிபன் பை தொங்கும். எட்டரைக்கு மிஷின்ல உட்காரணும். ஒன்றரை ஷிப்ட்டுன்னா ராத்திரி எட்டரைக்குத்தான் எழுந்திரிக்க முடியும். அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்து, வெங்காயம் உரிச்சு, தக்காளி வதக்கி, குழம்பைக் கொதிக்கவிட்டு எத்தனை மணிக்குச் சாப்பிடுறது, எத்தனை மணிக்குத் தூங்குறது?

அதனாலதான் சனிக்கிழமை சம்பளம் வாங்கின கையோட காய்கறி வாங்கிட்டு, ஞாயிற்றுக்கிழமை மொத்தமா சமைச்சு ஃப்ரீசர்ல அடுக்குற பழக்கம் இப்போ நிறைய வீடுகளுக்கு வந்திருக்கு. ரீல்ஸ்ல இதுக்கு மீல் பிரெப்னு ஸ்டைலா ஒரு பேர். ஆனா வீட்டுல? மாமியாரோ, நம்மளைப் பெத்த அம்மாவோ, அந்த டப்பாவைப் பார்த்ததும் முகத்தைச் சுளிப்பாங்க. பழசு, சத்தே இருக்காது, சோம்பேறித்தனம்னு வரிசையா வரும். பன்னெண்டு மணி நேரம் ஓவர்லாக் மிஷினோட மல்லுக்கட்டிட்டு வர்றவங்களைப் பார்த்து சோம்பேறின்னா எப்படி இருக்கும்?

அந்த மாதிரி நேரத்துல நினைச்சுப் பார்க்க ஒருத்தர் இருக்கார். பேரு கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. வெளிநாட்டு சூப்பர் மார்க்கெட்ல பட்டாணி பாக்கெட் மேல இவர் பேரைப் பார்த்திருக்கலாம். உறைய வெச்ச உணவு இன்னைக்குப் பல்லாயிரம் கோடி ரூபாய் வியாபாரம். ஆனா அது அவருக்கு எங்கே ஆரம்பிச்சது தெரியுமா? பொண்டாட்டியும் கைக்குழந்தையும் இருக்கிற வீட்டுல, குளிர்காலத்துக்குப் பச்சைக் காய்க்கு என்ன பண்றதுங்கிற கவலையில.

தவளை பிடிச்ச காலேஜ் பையன்

கிளாரன்ஸ் பிறந்தது 1886 டிசம்பர் 9, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில். ஒன்பது பிள்ளைகள் இருந்த வீடு. சின்ன வயசிலேயே செத்த பறவை, விலங்குகளைப் பாடம் பண்ணி வைக்கிற வேலையைத் தானாகவே கற்றுக்கொண்டவர். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் சேர்ந்தபோது பூச்சி பொட்டுகளோடு சுத்தினதால் கூடப் படிச்சவங்க வெச்ச பட்டப்பேரு, பூச்சி. காலேஜ் செலவுக்காகத் தவளை பிடிச்சு, பாம்புக்குத் தீனியாக மிருகக்காட்சி சாலைக்கு வித்திருக்கார். அப்படியும் பணம் போதவில்லை. படிப்பைப் பாதியில் விட்டார். உலகத்தின் சாப்பாட்டு முறையையே மாற்றின மனிதர் காலேஜ் படிப்பை முடிக்கவே இல்லை.

பிறகு அமெரிக்க அரசின் உயிரியல் துறையில் வேலை. மொண்டானா மலைப்பகுதியில் உண்ணி மூலமாகப் பரவிய ஒரு கொடிய காய்ச்சலைப் பற்றின ஆராய்ச்சிக்கு, காட்டு விலங்குகளைப் பிடிச்சுக் கொடுத்திருக்கிறார். கூடவே இன்னொரு பழக்கமும் இருந்தது. எது கிடைச்சாலும் சமைச்சு ருசி பார்ப்பார். காட்டுப்பூனை வகையில ஒண்ணையும் விடலை, நாத்தம் அடிக்கிற ஸ்கங்க்கையும் விடலை. நமக்கெல்லாம் குமட்டும். ஆனா நாக்கை இவ்வளவு கூர்மையா வெச்சிருந்த ஆளாலதான் பின்னாடி ஒரு மீனுக்கும் இன்னொரு மீனுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்க முடிஞ்சதுன்னு எனக்குத் தோணும்.

மைனஸ் நாற்பதில் ஒரு குடித்தனம்

1912-ல் லாப்ரடாருக்குப் போனார். இன்றைய கனடாவின் வடகிழக்கு ஓரம். பனியும் பாறையும் கடலும்தான். நரித்தோல் வியாபாரத்தில் நல்ல காசு பார்க்கலாம் என்பது கணக்கு. 1915-ல் எலினார் காரெட்டைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். அடுத்த வருஷம் மகன் கெல்லாக் பிறந்தான். பிறந்து சில வாரமே ஆன குழந்தையைத் தூக்கிக்கொண்டு எலினாரும் அந்தப் பனிக்காட்டுக்கே குடிவந்துவிட்டார். யோசிச்சுப் பாருங்க, டாக்டர் பக்கத்துல இல்லை, கடை இல்லை, குளிர்காலத்துல கடல் உறைஞ்சுபோனா கப்பலும் வராது.

அங்கே இன்யூட் மக்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று கிளாரன்ஸ் கவனிச்சார். உறைஞ்ச தண்ணி மேல ஓட்டை போட்டு மீன் பிடிப்பார்கள். மைனஸ் நாற்பது டிகிரி குளிரும், முகத்தில் அறையிற காற்றும். மீன் வெளியே வந்த கொஞ்ச நேரத்துலயே கட்டையாகிவிடும். வாரக்கணக்கில் கழித்து அதை எடுத்து உருக்கிச் சமைத்தாலும், இப்போதான் பிடிச்ச மீன் மாதிரியே இருந்தது. ஆனால் அதே ஊரில், குளிர் கம்மியாக இருக்கிற வசந்த காலத்திலோ இலையுதிர் காலத்திலோ உறைஞ்ச மீன் அப்படி இல்லை. சக்கை மாதிரி இருந்தது.

ரெண்டும் உறைஞ்ச மீன்தான். அப்புறம் ஏன் ருசி மாறுது?

இந்தக் கேள்விதான் அவர் வாழ்க்கை. பதில் வேகத்தில் இருந்தது. காய், கறி, மீன் எல்லாவற்றுக்குள்ளேயும் தண்ணீர் இருக்கிறது. மெதுவாக உறையும்போது அந்தத் தண்ணீர் நிதானமாகப் பெரிய பெரிய பனிப்படிகங்களாக வளரும். ஊசி மாதிரி முனையோடு வளர்ந்து பக்கத்தில் இருக்கிற செல் சுவர்களைக் கிழித்துவிடும். பனியன் துணியில ஒரு கண்ணி அறுந்தா வரிசையா ஓடுமே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். உருகும்போது கிழிஞ்ச செல்களில் இருந்து தண்ணி, சாறு, ருசி எல்லாம் சேர்ந்து வழிந்துபோகும். மிச்சம் இருப்பது சக்கை. சட்டென்று உறைந்தால் படிகங்கள் பொடிப்பொடியாகவே நின்றுவிடும், சேதம் ரொம்பக் குறைவு.

கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்த அதே சமயம், வீட்டுக்கும் ஒரு வழி பண்ணினார். முட்டைகோஸைப் பீப்பாயில் அடுக்கி, உப்புத் தண்ணீர் ஊற்றி, வெளியே குளிரில் வைத்துப் பாளமாக்கிவிடுவார். வேணும்போது வெட்டி எடுத்து வந்து சமையல். எலினாருக்கும் அவருக்கும் நடுக்குளிர்காலத்தில் காய் கிடைத்தது. பின்னாடி கோடிக்கணக்கில் விலை போன யோசனையின் முதல் வாடிக்கையாளர்கள் அந்தக் குடும்பம்தான்.

ஒண்ணு சொல்லியே ஆகணும். இதைக் கிளாரன்ஸ் கண்டுபிடிச்சதா பல இடத்துல எழுதியிருப்பாங்க. இன்யூட் மக்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் மீனை வெச்சு சாப்பிட்டுவந்தாங்க. காப்புரிமைப் பத்திரத்தில் அவங்க பேர் கிடையாது. இவர் செய்தது, அந்தக் குளிர்காலத்தை ஒரு மிஷினுக்குள் கொண்டுவந்தது. அதுவும் சின்ன வேலை இல்லை.

ஏழு டாலர், ஒரு ஃபேன், ஒரு திவால்

1917-ல் குடும்பத்தோடு அமெரிக்கா திரும்பினார். மீன் வியாபாரிகளின் சங்கத்தில் வேலை கிடைத்தது. துறைமுகத்தில் துள்ளிக்கொண்டிருந்த மீன், ஊருக்குள் போவதற்குள் நாறிப்போவதைத் தினமும் பார்த்தார். ஐஸ் போட்டுத்தான் அனுப்பினார்கள். ஐஸ் கெட்டுப்போவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

இந்த இடத்துல நம்ம சென்னை ஞாபகத்துக்கு வருது. மெரினா எதிரில் இருக்கிற விவேகானந்தர் இல்லத்தை ஐஸ் ஹவுஸ்னு சொல்றோமே, அது நிஜமாவே ஐஸ் வெச்ச கிடங்கு. ஃப்ரெடரிக் டியூடர் என்ற வியாபாரி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டின ஐஸ் பாளங்களை மரத்தூளில் பொதிந்து, போஸ்டனிலிருந்து கப்பலில் அனுப்பினார். 1840-களில் அது மதராஸ் வந்து இறங்கினது. அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த ஐஸாலும் ஒரு பொருளைச் சில்லென்று வைக்கத்தான் முடியும். சட்டென்று உறைய வைக்க முடியாது. அதே மாசசூசெட்ஸில்தான் எண்பது வருஷம் கழித்து நம்ம ஆள் கடை போட்டார்.

ஆனா அதுக்கு முன்னாடி ஒரு அடி விழுந்தது. ஒரு மின்விசிறி, வாளி வாளியாக உப்புத் தண்ணீர், ஐஸ் பாளங்கள். மொத்தமே ஏழு டாலர் செலவில் முதல் சோதனைகளைச் செய்தார் என்று சொல்லுவார்கள். உப்பு எதுக்குன்னா, உப்புத் தண்ணி பூஜ்ஜியம் டிகிரியில உறையாது, அதுக்குக் கீழேயும் தண்ணியாவே இருந்து குளிரைக் கடத்தும். குல்ஃபி வண்டிக்காரர் பானையில ஐஸோட கல்லுப்பு போடுறதும் இதுக்குத்தான். 1923-ல் நியூயார்க்கில் கம்பெனி ஆரம்பித்தார். 1924-லேயே திவால். சரக்கு நல்ல சரக்கு, ஆனா உறைஞ்ச மீன்னாலே கேவலம்னு ஜனங்க மனசுல பதிஞ்சிருந்தது. வாங்க ஆள் இல்லை.

முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயசு. பிள்ளைக்குட்டி. கையில் காசு இல்லை. வேறு யாராக இருந்தாலும் மாதச் சம்பளத்துக்குப் போயிருப்பார்கள். இவர் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு மாசசூசெட்ஸில் குளோஸ்டர் என்கிற மீன்பிடி ஊருக்குப் போய், அடுத்த கம்பெனியை ஆரம்பித்தார். எலினார் இதையெல்லாம் எப்படித் தாங்கினாரோ, அதைப் பத்தி யாரும் விலாவாரியா எழுதி வைக்கலை.

குளோஸ்டரில்தான் அந்த மிஷின் பிறந்தது. முதலில் மீனைச் சின்ன, தட்டையான அட்டைப்பெட்டிக்குள் அடைத்துவிட வேண்டும். பிறகு அந்தப் பெட்டியை மேலேயும் கீழேயும் ரெண்டு உலோகப் பட்டைகளுக்கு நடுவில் அனுப்புவார்கள். பட்டைகளைக் கால்சியம் குளோரைடு கரைசலால் மைனஸ் நாற்பது டிகிரி அளவுக்குக் குளிர வைத்திருப்பார்கள். அதாவது லாப்ரடார் குளிர்காலம். திருப்பூர்க்காரங்களுக்கு இதைப் புரியவைக்கிறது சுலபம். காலண்டரிங் யூனிட்ல துணி ரெண்டு பக்கமும் சூட்டோட அழுந்திப் போய் வெளிய வருமில்லையா, இங்க சூட்டுக்குப் பதிலா குளிர். பெட்டி தட்டையாக இருப்பதால் ரெண்டு பக்கத்திலிருந்தும் குளிர் சீக்கிரம் நடுவுக்குப் போய்விடும். இந்த முறைக்கு 1930 ஆகஸ்ட் 12 அன்று காப்புரிமை கிடைத்தது.

அதற்கு முன்பே கம்பெனி கைமாறிவிட்டது. மார்ஜரி மெரிவெதர் போஸ்ட் என்ற பெரும் பணக்காரப் பெண்மணி, குளோஸ்டரில் தன் கப்பல் நின்றபோது சாப்பிட்ட வாத்து மாசக்கணக்கில் உறைந்திருந்தது என்று தெரிந்து ஆச்சரியப்பட்டு, இந்தக் கம்பெனியை வாங்கியே ஆக வேண்டும் என்று நின்றதாக ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1929-ல் அவர் குடும்பத்தின் போஸ்டம் நிறுவனமும் கோல்ட்மேன் சாக்ஸும் சேர்ந்து 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு வாங்கின. அந்த வருஷம் அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தையே சரிந்து விழுந்தது. சில மாசம் தள்ளிப்போயிருந்தா, கிளாரன்ஸ் கதையை நாம யாரும் பேசிட்டிருக்க மாட்டோம்.

1930 மார்ச் 6. மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் 18 கடைகளில் உறைய வைத்த கறி, மீன், பசலைக்கீரை, பட்டாணி, பழங்கள் விற்பனைக்கு வந்தன. கூட்டம் அலைமோதலை. உங்க மாமியார் முகத்துல பார்த்தீங்களே ஒரு சுளிப்பு, அதே சுளிப்புதான் அங்கேயும். போதாததுக்குக் கடையில் வைக்க ஃப்ரீசர் இல்லை, வாங்கிப்போனால் வீட்டில் வைக்க ஃப்ரீசர் இல்லை. கம்பெனியே கடைகளுக்கு ஃப்ரீசர் பெட்டியை வாடகைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் தகரம் எல்லாம் ராணுவத்துக்குப் போய், டின் உணவு தட்டுப்பாடானபோதுதான் ஜனங்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

உங்க ஃப்ரீசருக்கு இதுல என்ன இருக்கு?

நிறைய இருக்கு. ஞாயிற்றுக்கிழமை வெச்ச கொள்ளுப் பருப்பைக் குண்டாவோட அப்படியே ஃப்ரீசர்ல தள்ளுறீங்கன்னு வைங்க. ஓரம் உறையும், நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுன்னு கிடக்கும். அது கிளாரன்ஸ் ஒதுக்கித் தள்ளின வசந்த கால மீன். அதையே ஒரு வேளைக்கு வேண்டிய அளவு மட்டும் ஜிப் கவர்ல ஊத்தி, காத்தை வெளியேத்தி, ஒரு இன்ச் கனத்துக்குத் தட்டையா பரத்தி, ஒரு ஸ்டீல் தட்டு மேல படுக்க வெச்சா சீக்கிரம் உறைஞ்சிடும். கட்டையானதும் நோட்டுப் புத்தகம் மாதிரி நிமிர்த்தி அடுக்கிக்கலாம். கவர் மேல தேதி எழுதிடுங்க, மூணு வாரம் கழிச்சு எல்லாக் கவரும் ஒரே பழுப்புக் கலர்லதான் இருக்கும்.

சூடா வைக்கக் கூடாது. அதுக்காக அடுப்பு மேலயே ராத்திரி பூரா விட்டுடவும் கூடாது. பாத்திரத்தைத் தண்ணித் தொட்டியில வெச்சோ, அகலமான தட்டுல கொட்டியோ ஆறவிட்டு, ரெண்டு மணி நேரத்துக்குள்ள உள்ள வெச்சிடணும். ஏன்னா ஃப்ரீசர் கிருமிகளைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். வெளிய எடுத்தா முழிச்சுக்கும். அதனால முந்தின நாள் ராத்திரியே கவரை ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டுக்கு மாத்தி உருகவிட்டு, சாப்பிடும்போது நல்லா கொதிக்க வைங்க. உருகினதை மறுபடி உறைய வைக்காதீங்க. டப்பாவுல வைக்கிறதா இருந்தா மேல கொஞ்சம் இடம் விடுங்க, தண்ணி உறையும்போது விரியும். கண்ணாடி பாட்டில்னா விரிசல் விட்டுடும்.

வெந்த கொள்ளு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, தக்காளித் தொக்கு, துருவின தேங்காய், அரைவேக்காட்டுச் சப்பாத்தி எல்லாம் ஃப்ரீசருக்கு ஒத்துப்போகும். பீன்ஸ், பட்டாணியைக் கொதிக்கிற தண்ணியில ரெண்டு நிமிஷம் போட்டு எடுத்து, குளிர்ந்த தண்ணியில அலசிட்டு வெச்சா நிறமும் ருசியும் நிக்கும். காயில இருக்கிற நொதிகள் குளிர்லயும் மெதுவா வேலை பார்த்துட்டேதான் இருக்கும், அந்தச் சூடுதான் அதுகளை நிறுத்தும். உருளைக்கிழங்கு, அவிச்ச முட்டை, மோர்க்குழம்பு வேண்டாம். ஒண்ணு நீர்த்துப்போகும், ஒண்ணு ரப்பராகும், ஒண்ணு திரிஞ்சுபோகும். அரிசிம்பருப்பு சாதத்தை உறைய வைக்கலாமான்னு கேட்டா வைக்கலாம்தான். ஆனா குக்கர்ல இருபது நிமிஷத்துல ஆகுறதை ஃப்ரீசர்ல வைக்கிறது கொங்கு நாட்டுக்கே அவமானம்ங்க!

இன்னொண்ணு, இது முக்கியம். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ்ல மேல ஒரு சின்ன ஐஸ் பெட்டி இருக்குமே, அது எல்லாத்துலயும் மைனஸ் 18 டிகிரி போகாது. பனித்துளி மாதிரி நட்சத்திரக் குறி ஒண்ணு இருந்தா மைனஸ் 6, ரெண்டுன்னா மைனஸ் 12, மூணு இருந்தாதான் மைனஸ் 18. மின்சாரச் சிக்கனத்துக்காகக் கதவுல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் நட்சத்திரம் வேற, இது வேற, குழப்பிக்காதீங்க. ஒரு நட்சத்திரம்னா சமைச்சதை ஒரு வாரத்துக்கு மேல இழுக்காம முடிச்சிடுங்க. தீபாவளிக்குக் கம்பெனி லீவு விட்டு ஊருக்குப் போறீங்களா? ஒரு கப்புல தண்ணி வெச்சு உறைஞ்சதும் அது மேல ஒரு ரூபாய் காசை வெச்சுட்டுப் போங்க. வந்து பார்க்கும்போது காசு கப்போட அடியில கிடந்தா, நீங்க இல்லாதப்போ கரண்ட் ரொம்ப நேரம் போய் எல்லாம் உருகி மறுபடி உறைஞ்சிருக்குன்னு அர்த்தம். யோசிக்காம கொட்டிடுங்க.

கடலில் முடிந்த கதை

பணம் வந்த பிறகும் கிளாரன்ஸ் சும்மா உட்காரவில்லை. பிரதிபலிப்பான் வைத்த மின்விளக்கு, உணவைச் சீக்கிரம் உலர்த்துகிற முறை, திமிங்கிலம் பிடிக்கிற ஈட்டித் துப்பாக்கி என்று கை போன பக்கமெல்லாம் வேலை பார்த்தார். அறுபது வயசுக்கு மேல் பெரு நாட்டுக்குப் போய், கரும்புச் சக்கையிலிருந்து காகிதக் கூழ் எடுக்கும் வேலையில் இறங்கினார். 1951-ல் எலினாரும் அவரும் சேர்ந்து காட்டுச்செடி வளர்ப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். முட்டைகோஸ் பீப்பாய் வைத்துக் குடித்தனம் நடத்தினவங்க, கடைசியில் ஒரே அட்டையில் ரெண்டு பேர் பேரும் சேர்ந்து வந்தது தோட்டத்தைப் பற்றின புத்தகத்தில்.

பெருவின் மலை உயரம் அவர் இதயத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1956 அக்டோபர் 7 அன்று நியூயார்க்கில் மாரடைப்பால் இறந்தார், வயது 69. அஸ்தியைக் குளோஸ்டர் கரையோரக் கடலில், அவர் மீன் வாங்கி உறைய வைத்த அதே தண்ணீரில் கரைத்தார்கள்.